அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்குக் கற்பித்தல்: தருமபுரி, கிருஷ்ணகிரிப் பெற்றோரும் ஆசிரியர்களும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நான் சிறப்புப் பயிற்றுநர். வட்டார வள மையத்திலிருந்து பள்ளிகளுக்கும், பள்ளிக்கு வர இயலாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் போவது என் வேலை. பென்னாகரம் பக்கத்து ஊர்களில் தொடங்கினேன்; பிறகு கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் சில ஆண்டுகள் இருந்தேன். எந்த ஊரில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் ஏறக்குறைய இதே கேள்விகள்தான் வரும். ஒவ்வொரு வீட்டிலும் பாதி பதில் சொல்வதற்குள் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும். அதனால் என் நோட்டில் குறித்து வைத்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே எழுதியிருக்கிறேன்.

முன்பு "மனவளர்ச்சி குன்றியவர்" என்று எழுதினார்கள். இப்போது "அறிவுசார் குறைபாடு உடையவர்" என்கிறோம். பெயர் சொல்லிக் கூப்பிட முடிகிற இடத்தில் இந்த இரண்டும் வேண்டாம்.

இது மனநோயா, டீச்சர்? மாத்திரை சாப்பிட்டால் சரியாகிவிடுமா?

மனநோய் வேறு, இது வேறு. மனநோய் எந்த வயதிலும் வரலாம், சிகிச்சையில் குணமாகலாம். அறிவுசார் குறைபாடு என்பது வளரும் பருவத்திலேயே இருப்பது. புரிந்துகொள்வதும், நினைவில் வைப்பதும், அன்றாட வேலைகளைத் தானே செய்வதும் வயதுக்கேற்ற அளவில் இல்லாமல் மெதுவாக வளரும். இதைக் குணப்படுத்த மாத்திரை கிடையாது. "மூளை வளர டானிக்" என்று எவர் விற்றாலும் வாங்காதீர்கள். ஆடு விற்ற பணத்தை அதில் கொட்டிய குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் கூடவே வரும் சில தொல்லைகளுக்கு வைத்தியம் உண்டு: வலிப்பு, தைராய்டு சுரப்புக் குறைவு, காது கேளாமை, பார்வைக் குறைவு. இவற்றை முதலில் பார்த்துவிட வேண்டும். காது சரியாகக் கேட்காத பிள்ளையை "மந்தம்" என்று மூன்று ஆண்டு பின்வரிசையில் உட்கார வைத்திருந்ததை என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

இரண்டரை வயதாகிறது, இன்னும் பேச்சு வரவில்லை. "ஆண்பிள்ளை மெதுவாகத்தான் பேசுவான், அவன் அப்பனும் அப்படித்தான்" என்கிறார் மாமியார். காத்திருக்கலாமா?

காத்திருக்க வேண்டாம். நான்கு ஐந்து மாதத்தில் தலை நிற்க வேண்டும். ஒன்பது மாதத்துக்குள் உட்கார வேண்டும். ஒன்றரை வயதுக்குள் நடக்க வேண்டும், சில சொற்களாவது வர வேண்டும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேர வேண்டும். பின்தங்கினால் உடனே காட்டுங்கள். காட்டிய பிறகு "ஒன்றுமில்லை" என்று சொல்லிவிட்டால் உங்களுக்கு ஒரு நாள் கூலிதான் நட்டம். காட்டாமல் விட்டால் போவது பிள்ளையின் மூளை வேகமாக வளரும் ஆண்டுகள்.

அங்கன்வாடிக்கு ஆண்டுக்கு இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் குழந்தைகளைப் பரிசோதிக்க மருத்துவக் குழு வரும். அன்றைக்குப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொள்ளாதீர்கள். அவர்கள் எழுதிக் கொடுக்கும் சீட்டோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். தருமபுரியிலும் இருக்கிறது, கிருஷ்ணகிரியிலும் இருக்கிறது. காதுப் பரிசோதனையைக் கேட்டு வாங்குங்கள்.

சொந்தத்தில் கல்யாணம் செய்ததால் வந்ததா? இல்லை, இந்த ஊர்த் தண்ணீரா?

இந்த இரண்டையும் மாவட்டத்தில் கேட்காத நாள் இல்லை. எல்லாக் குடும்பங்களிலும் நூறு குழந்தைகளில் இரண்டு மூன்று பேர் ஏதாவது பிறவிக் குறையோடு பிறக்கிறார்கள். அத்தை மகன், மாமன் மகள் என்று மணக்கும்போது அந்த வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்காகிறது. அக்கா மகளைத் தாய்மாமன் மணக்கும்போது இன்னும் கூடுகிறது. ஒரே குறைபாடுள்ள மரபணு இரண்டு பக்கமிருந்தும் வந்து சேர்வதுதான் காரணம். அடுத்து ஒரு குழந்தை வேண்டும் என்றால், அல்லது வீட்டில் இன்னொரு பெண்ணுக்குச் சொந்தத்தில் பேசுகிறீர்கள் என்றால், மருத்துவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். பிரசவத்தில் குழந்தைக்கு மூச்சுத் திணறியிருக்கலாம், எடை மிகவும் குறைவாகப் பிறந்திருக்கலாம், மூளைக்காய்ச்சல் வந்திருக்கலாம், தாய் தானே சிறுமியாக இருக்கும்போது பிள்ளை பெற்றிருக்கலாம், டவுன் நோய்க்குறி போல ஒரு குரோமோசோம் கூடுதலாக இருக்கலாம். பல பிள்ளைகளுக்குக் காரணம் தெரியாமலே போகிறது.

தண்ணீரைப் பற்றி: இங்கே நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம், பல்லில் பழுப்புக் கறையும் எலும்பில் வலியும் அதனால் வருகின்றன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்ததே அதற்காகத்தான். குழாயில் காவிரி நீர் வந்தால் குடிக்கவும் சமைக்கவும் அதையே வையுங்கள். ஆனால் உங்கள் பிள்ளைக்கு இருப்பது தண்ணீரால் வந்தது என்று எவராலும் அடித்துச் சொல்ல முடியாது. கிரகணத்தாலும் வரவில்லை, மருமகள் ராசியாலும் வரவில்லை. இதற்காக ஒரு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிய குடும்பத்தில், அந்தப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுக்க இருந்த ஒரே ஆளையும் சேர்த்து அனுப்பிவிட்டார்கள்.

சான்றிதழில் 75 சதவீதம் என்று போட்டிருக்கிறது. அப்படியென்றால் என் மகளுக்கு மூளை 25 சதவீதம்தான் வேலை செய்கிறதா?

இந்தக் கேள்வியைக் கேட்ட தாய் அதற்கு முன் ஒரு வாரம் தூங்கவில்லை. மூளையில் எவ்வளவு வேலை செய்கிறது என்று எவரும் அளக்கவில்லை, அம்மா. அறிவுத்திறன் சோதனையோடு சமூக முதிர்ச்சி அளவுகோல் என்று ஒன்றையும் வைத்துப் பார்க்கிறார்கள். தானே சாப்பிடுகிறாளா, உடுத்துகிறாளா, கடைக்குப் போய் வருகிறாளா, பிறரோடு சேர்ந்து விளையாடுகிறாளா என்று கேட்டு ஒரு மதிப்பெண் வரும். அது 55 முதல் 69 வரை என்றால் லேசான குறைபாடு, சான்றிதழில் 50 சதவீதம். 36 முதல் 54 வரை மிதமானது, 75 சதவீதம். 21 முதல் 35 வரை கடுமையானது, 90. அதற்கும் கீழே 100. உங்கள் மகள் மிதமான வகை. இந்த வகையில் உள்ளவர்கள் தன் வேலைகளைத் தானே செய்யவும், வீட்டு வேலையிலும் தொழிலிலும் கை கொடுக்கவும், தெரிந்த வழியில் போய் வரவும் கற்றுக்கொள்ள முடியும்.

அந்தச் சான்றிதழும் தனித்துவ அடையாள அட்டையும் சலுகைகளுக்கான சாவி, பத்திரமாக வையுங்கள். ஆனால் எண்ணைப் பிள்ளையின் காதில் விழும்படி விருந்தாளிகளிடம் சொல்லாதீர்கள். அவளுக்கு எண் புரியாமல் போகலாம்; நீங்கள் சொல்லும் தொனி புரியும்.

அப்படியென்றால் அவன் நிறையக் கற்றுக்கொண்டால் சதவீதம் குறைந்து உதவித்தொகை நின்றுவிடாதா?

வெளிப்படையாகக் கேட்டவர்கள் ஒருசிலர்தான். மனதுக்குள் கேட்பவர்கள் பலர். மாதம் 2,000 ரூபாய் என்பது கேழ்வரகு விளையாத ஆண்டில் பெரிய பணம். அதனால் இந்தப் பயத்தை நான் குறை சொல்ல மாட்டேன்.

முந்தைய பதிலில் சொன்ன எண்களைப் பாருங்கள். சட்டம் சலுகைகளுக்குப் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு 40 சதவீதம். லேசான குறைபாட்டுக்கே 50 தருகிறார்கள். சட்டை போடவும் காசு எண்ணவும் கற்றுக்கொண்டதால் ஒருவன் அந்த வரம்புக்குக் கீழே போய்விடுவதில்லை. உங்களுக்குப் பிறகும் அவன் வாழ வேண்டிய நாற்பது ஆண்டுகளில் தானே குளிக்கத் தெரிந்திருப்பதை எந்த உதவித்தொகையாலும் வாங்க முடியாது.

பக்கத்துப் பள்ளியில் சேர்ப்பதா, சிறப்புப் பள்ளியில் சேர்ப்பதா?

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. அருகில் உள்ள பள்ளியா, சிறப்புப் பள்ளியா என்பதைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. என் கருத்து: நடக்கிற, ஓரளவு சொன்னதைப் புரிந்துகொள்கிற பிள்ளையை ஊர்ப் பள்ளியிலேயே சேருங்கள். வளர்ந்த பிறகு அவன் வாழப்போவது இந்த ஊரில். பெட்டிக்கடைக்காரர், பஸ் நடத்துநர், கூடப் படித்தவர்கள் இவர்களுக்கெல்லாம் அவனைத் தெரிந்திருக்க வேண்டும்.

நாள் முழுவதும் ஆள் தேவைப்படுகிற, கடுமையான குறைபாடுள்ள பிள்ளைக்குச் சிறப்புப் பள்ளியோ வட்டார அளவிலான பயிற்சி மையமோ நல்லது. படுக்கையில் உள்ளவர்களுக்கு வீட்டுவழிக் கல்வி உண்டு. பெயர் பள்ளிப் பதிவேட்டில் இருக்க வேண்டும், நாங்கள் வீட்டுக்கு வருவோம். வத்தல்மலை, சித்தேரி போன்ற மலையூர்களில் இருப்பவர்கள் அந்தப் பதிவை விட்டுவிடாதீர்கள். பதிவில் பெயர் இல்லாத பிள்ளையைத் தேடி எவரும் மலை ஏற மாட்டார்கள்.

"எங்களிடம் இவனுக்கு வசதியில்லை" என்று பள்ளியில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். என்ன செய்வது?

குறைபாட்டைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்கச் சட்டத்தில் இடமில்லை. சண்டை போடாமல், "மறுப்பதை எழுதிக் கொடுங்கள்" என்று மட்டும் கேளுங்கள். அநேகமாக அங்கேயே முடிந்துவிடும். முடியாவிட்டால் வட்டாரக் கல்வி அலுவலரிடமும், ஆட்சியர் அலுவலகத்தில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரிடமும் மனு கொடுங்கள். திங்கட்கிழமை குறைதீர் நாளிலும் கொடுக்கலாம்.

நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு இந்த ஒருவனுக்கு மட்டும் நான் எப்படித் தனியாகப் பாடம் எடுப்பேன்?

கேட்டவர் பாலக்கோடு பக்கத்தில் ஓராசிரியராகவே மூன்று வகுப்பை நடத்திய ஓர் ஆசிரியை. அவர் சோம்பலில் கேட்கவில்லை, களைப்பில் கேட்டார். தனிப் பாடம் வேண்டாம். அதே பாடத்தில் அவனுக்கு ஒரு சிறு பங்கு கொடுங்கள். மற்றவர்கள் கூட்டல் கணக்குப் போடும்போது அவன் புளியங்கொட்டைகளை ஐந்து ஐந்தாகப் பிரித்து அவர்களுக்குக் கொடுக்கட்டும். எல்லாரும் தாவரத்தின் பாகங்களை எழுதும்போது அவன் நிஜச் செடியில் இலையையும் வேரையும் தொட்டுக் காட்டட்டும். பத்துக் கேள்விக்குப் பதில் இரண்டு கேள்வி. எழுதுவதற்குப் பதில் சுட்டிக்காட்டுவது.

இடம் முக்கியம். கடைசி வரிசையும் வேண்டாம், ஆசிரியர் மேசைக்கு ஒட்டிய தண்டனை இடமும் வேண்டாம். இரண்டாவது வரிசையில், பொறுமையுள்ள ஒரு பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வையுங்கள். ஆனால் அந்தத் தோழன் செய்து கொடுக்கக்கூடாது, எப்படிச் செய்வது என்று காட்ட வேண்டும்; இதை அவனுக்குத் தெளிவாகச் சொல்லுங்கள். அந்தப் பொறுப்பு மாதத்துக்கு ஒருவரிடம் மாறட்டும். ஒரே பிள்ளைமேல் முழு ஆண்டும் சுமத்தினால் அது பாரமாகிவிடும்.

சிறப்புப் பயிற்றுநர் வரும் நாளில் இருவரும் உட்கார்ந்து அவனுக்கென்று தனிநபர் கல்வித் திட்டம் எழுதுங்கள். பருவத்துக்கு மூன்று இலக்குகள் போதும். "எண்கள் அறிவான்" என்று எழுதினால் எப்போது முடிந்தது என்று எவருக்கும் தெரியாது. "பத்துப் பொருளிலிருந்து மூன்றை எடுத்துக் கொடுப்பான், ஐந்து முறையில் நான்கு முறை சரியாக" என்று எழுதுங்கள்.

ஐந்தாம் வகுப்பு வந்துவிட்டான், "அ" எழுதத் தெரியவில்லை. இவனுக்குப் படிப்பு எதற்கு?

"அ" எழுத வைக்க ஐந்து ஆண்டு செலவழித்தார்கள் என்பதுதான் எனக்கு வருத்தம். அந்த ஐந்தாண்டில் அவன் படிக்கக் கற்றிருக்க வேண்டிய சொற்கள் வேறு: தன் பெயர், ஊர்ப் பெயர், பஸ் பலகையில் "தருமபுரி", "ஆண்கள்", "பெண்கள்", "ஆபத்து". எழுத்து எழுத்தாகக் கூட்டத் தெரியாத பிள்ளைகள் பலர் ஒரு சொல்லை முழு உருவமாக, படம் போல, அடையாளம் கண்டுகொள்வார்கள். வீட்டில் அரிசி டப்பா, சர்க்கரை டப்பா மீது பெயரை ஒட்டுங்கள். தினமும் பார்க்கும் சொல் மனதில் தங்கும்.

கணக்கும் அப்படித்தான். பத்து ரூபாய்த் தாள் எது, இருபது எது என்று முதலில் தெரியட்டும். நிஜப் பணத்தில் சொல்லிக்கொடுங்கள். விளையாட்டுப் பணம் அவர்களைக் குழப்பும். போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைவிட நல்ல வகுப்பறை எனக்குத் தெரியாது. எழுத்தில் ஆர்வம் காட்டும் பிள்ளைக்கு எழுத்தும் கற்றுக்கொடுங்கள். லேசான குறைபாடுள்ள பலர் நன்றாகவே படிக்கிறார்கள்.

ஏழு வயதாகிறது, சட்டை கால்சட்டை எதுவும் போடத் தெரியாது. எங்கிருந்து தொடங்குவது?

கடைசியிலிருந்து. கால்சட்டை போடுவது நமக்கு ஒரு வேலை. அவனுக்கு ஆறு ஏழு வேலை. எடுக்க வேண்டும், முன்பக்கம் எது என்று பார்க்க வேண்டும், ஒரு காலை விட வேண்டும், மறுகாலை விட வேண்டும், முழங்கால் வரை இழுக்க வேண்டும், எழுந்து நிற்க வேண்டும், இடுப்புக்கு ஏற்ற வேண்டும். முதல் வாரம் எல்லாவற்றையும் நீங்கள் செய்து, இடுப்புக்கு ஏற்றும் கடைசிப் படியை மட்டும் அவனிடம் விடுங்கள். ஏற்றியதும் "போட்டுவிட்டாயே!" என்று மகிழுங்கள். வேலையை முடித்தவன் அவன் என்ற நிறைவு அவனுக்குக் கிடைக்கும். அது நன்றாக வந்த பிறகு முழங்காலிலிருந்து இழுப்பது, பிறகு மறுகால் விடுவது என்று பின்னோக்கிப் போங்கள்.

உதவியையும் படிப்படியாகக் குறைக்க வேண்டும். முதலில் அவன் கைமேல் உங்கள் கை. பிறகு முழங்கையில் ஒரு தொடுதல். பிறகு விரலால் சுட்டுவது. பிறகு சொல் மட்டும். கடைசியில் சும்மா நிற்பது. கடைசிப் படி தாய்மார்களுக்கு மிகக் கடினம். அவன் தடுமாறும்போது கை தானாக நீளும். மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். இவர்களுக்குச் சொன்னது புரிந்து உடல் நகர நேரம் வேண்டும். நாம் மூன்றாவது நொடியிலேயே செய்து முடித்துவிடுகிறோம். பதினேழு வயதில் தாய் ஊட்டிக்கொண்டிருந்த ஒரு பையனை நான் பார்த்தேன். அவன் கையில் ஒரு குறையும் இல்லை. நான்கு மாதத்தில் களியை உருட்டிக் குழம்பில் தோய்த்துத் தானே சாப்பிட்டான். "இவ்வளவு நாள் நான்தான் தடுத்துவிட்டேனா?" என்று அந்தத் தாய் அழுதார். அவர் செய்தது பாசத்தில். பாசத்தில் செய்துகொடுத்துக் கொடுத்தே பிள்ளையின் கையைக் கட்டிப்போட்டுவிடுகிறோம் என்பதை இந்த வேலையில் நான் கற்ற முதல் பாடமாகச் சொல்வேன்.

கழிப்பறைப் பழக்கத்துக்கும் இதே முறைதான். கூடுதலாக ஒன்று: மூன்று நான்கு நாள் அவன் எந்த நேரத்தில் நனைக்கிறான் என்று குறித்து, அதற்குப் பத்து நிமிடம் முன்பாக அழைத்துப் போங்கள்.

நேற்று ஒழுங்காகச் செய்தான், இன்று ஒன்றும் தெரியாதவன் போல நிற்கிறான். வேண்டுமென்றே செய்கிறானா?

இல்லை. இந்தப் பிள்ளைகளுக்கு ஒன்று பதிய நாம் நினைப்பதைவிடப் பல மடங்கு தடவை வேண்டும். இடம் மாறினாலும் தடுமாறுவார்கள். பள்ளிக் குழாயில் கை கழுவுபவனுக்கு வீட்டு அண்டாவில் கழுவத் தெரியாமல் போகலாம். அதனால் பள்ளியில் கற்பதை வீட்டிலும், பாட்டி வீட்டிலும் செய்ய வையுங்கள். எல்லாரும் ஒரே சொல்லைப் பயன்படுத்துங்கள். ஒருவர் "கை கழுவு" என்றும் இன்னொருவர் "சுத்தம் செய்" என்றும் சொன்னால் அவனுக்கு அது இரண்டு வேலை.

வீட்டில் தெலுங்கு பேசுகிறோம், பள்ளியில் தமிழ். அதனால்தான் பேச்சு வரவில்லையா? வீட்டிலும் தமிழுக்கு மாறிவிடலாமா?

ஒசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கும் கன்னடமும் பேசும் வீடுகளில் இது வரும். இரண்டு மொழி கேட்பதால் இந்தக் குறைபாடு வருவதில்லை. தாய் கொஞ்சுகிற, திட்டுகிற, தாலாட்டுகிற மொழியை நிறுத்தாதீர்கள். ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள்: அந்தப் பிள்ளை வீட்டில் தண்ணீருக்கும் சோற்றுக்கும் கழிப்பறைக்கும் சொல்லும் சொற்களைத் தாயிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். "நீள்ளு" என்று அழுத பிள்ளைக்குத் தண்ணீர் கொடுக்காமல், அடம் பிடிக்கிறான் என்று வெளியே நிறுத்திய வகுப்பை நான் பார்த்திருக்கிறேன்.

கத்துகிறான், தலையை மோதிக்கொள்கிறான், பக்கத்துப் பிள்ளையைக் கடிக்கிறான். ஒரு அடி வைத்தால்தான் அடங்குகிறான்.

அடங்குவது பயத்தால். எதற்காகக் கத்தினானோ அது அப்படியே இருக்கிறது. நாளை வேறு வடிவில் வரும். பேச்சு வராத பிள்ளைக்கு நடத்தைதான் பேச்சு. ஒரு வாரம் மூன்று விஷயங்களைக் குறியுங்கள்: கத்துவதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன் பிறகு அவனுக்கு என்ன கிடைத்தது. பெரும்பாலும் நான்கில் ஒன்று தெரியவரும்: ஏதோ வேண்டும், ஏதோ வேண்டாம், கவனிக்கச் சொல்கிறான், அல்லது வலி. பல்வலி, காதுவலி, மலச்சிக்கல் இவற்றை முதலில் பாருங்கள்.

காரிமங்கலம் பக்கத்தில் ஒரு சிறுமி தினமும் பதினோரு மணிக்கு நோட்டைக் கிழிப்பாள். கிழித்ததும் வெளியே அனுப்புவார்கள். குறித்துப் பார்த்தபோது, பதினோரு மணிக்குத்தான் நீண்ட எழுத்துவேலை தொடங்குவது தெரிந்தது. நாங்கள் அவளுக்கு "போதும்" என்று கையைக் காட்டச் சொல்லிக்கொடுத்தோம். காட்டினால் ஐந்து நிமிடம் வெளியே போய் வரலாம். நோட்டு கிழிவது நின்றது. கெட்ட நடத்தையை நிறுத்த வேண்டும் என்றால், அதே பலனைத் தரும் நல்ல வழி ஒன்றை அவள் கையில் கொடுத்தாக வேண்டும். பொழுது எப்படிப் போகும் என்று முன்கூட்டியே தெரிந்தாலும் பாதி அமைதி வந்துவிடும்; பிரார்த்தனை, பாடம், சத்துணவு, விளையாட்டு, வீடு என்று ஐந்து படத்தைச் சுவரில் வரிசையாக ஒட்டுங்கள்.

பள்ளியில் அடிப்பதற்குக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டமே தடை போட்டிருக்கிறது என்பதையும் நினைவில் வையுங்கள்.

வகுப்பில் வலிப்பு வந்துவிட்டால்? சாவிக்கொத்து கொடுக்கலாமா?

வேண்டாம், இரும்பால் வலிப்பு நிற்காது. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்குக் கீழே துணி வையுங்கள். கழுத்துப் பட்டனைத் தளர்த்துங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், தண்ணீர் ஊற்றாதீர்கள், கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள், ஐந்து நிமிடத்தைத் தாண்டினால், அல்லது ஒன்று முடிந்து தெளியாமலே அடுத்தது வந்தால், 108. வலிப்பு மாத்திரையை "ஆறு மாதமாக வரவில்லையே" என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

நாங்கள் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போகிறோம். பாட்டியிடம் விட்டுப் போகலாமா, கூட்டிப் போகலாமா?

இரண்டிலும் கஷ்டம் இருக்கிறது. கட்டடம் நடக்கும் இடத்தில் குழியும் கம்பியும் கிடக்கும், பள்ளியும் விட்டுப்போகும். பாட்டி பார்த்துக்கொள்ள முடிந்தால் விட்டுப் போவதே மேல். ஆனால் போகும் முன் பாட்டியைப் பள்ளிக்கு அழைத்துச் சென்று ஆசிரியரிடம் அறிமுகப்படுத்துங்கள். மாத்திரை, சான்றிதழ், வங்கிப் புத்தகம் எங்கே என்று காட்டுங்கள். நாங்கள் கற்றுத்தருவதைச் செல்பேசியில் படம் பிடித்துப் பாட்டிக்கும் காட்டுங்கள். பிள்ளையிடம் சொல்லாமல் விடியற்காலையில் கிளம்பிவிடாதீர்கள். அப்படிக் கிளம்பிய வீடுகளில் பிள்ளை மறுபடி படுக்கையை நனைக்கத் தொடங்கியதை நிறையப் பார்த்துவிட்டேன்.

பெண் வயதுக்கு வந்துவிட்டாள். பள்ளியை நிறுத்திவிடலாம் என்கிறார்கள். கருப்பையை எடுத்துவிட்டால் தொல்லை இல்லை என்றும் சொல்கிறார்கள்.

அந்தத் தாயின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டுக்கும் என் பதில் கூடாது என்பதே. மாதவிடாய்ச் சுகாதாரத்தைக் கற்றுக்கொடுக்க முடியும். கால்சட்டைக்குச் சொன்ன அதே படிமுறைதான். வயதுக்கு வருவதற்கு ஓராண்டு முன்பே தொடங்குவது நல்லது. உள்ளாடையில் வண்ண நூலால் அடையாளம் தைத்து, நாப்கினை அதற்குள் ஒட்டப் பழக்குங்கள். சிவப்பைக் கண்டு பயப்படாமல் இருக்க நீங்கள் உங்களுடையதைக் காட்டலாம். காகிதத்தில் சுற்றிக் குப்பையில் போடுவது, கை கழுவுவது, அப்பா அண்ணன் முன்னால் பேசாமல் அம்மாவிடம் மட்டும் சொல்வது என்று ஒவ்வொன்றும் ஒரு படி.

கருப்பையை எடுப்பதால் பாலியல் வன்முறை நிற்காது. நடந்தது வெளியே தெரியாமல் போகும், அவ்வளவுதான். மாற்றுத்திறனாளி எவருக்கும் அவருடைய தெளிவான சம்மதம் இல்லாமல் மலட்டுத்தன்மை உண்டாக்கும் சிகிச்சை செய்யக்கூடாது என்று 2016ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. பாதுகாப்பைக் கற்றுக்கொடுங்கள், பையன்களுக்கும் சேர்த்து. உள்ளாடை மூடும் இடத்தை எவரும் தொடக்கூடாது. தொட்டால் கத்த வேண்டும், ஓட வேண்டும், சொல்ல வேண்டும். நடித்துக் காட்டிப் பழக்குங்கள். எல்லாரிடமும் ஒட்டிக்கொள்வதைச் சிறுவயதிலேயே மாற்றிக் கைகூப்பி வணக்கம் சொல்லப் பழக்குங்கள். ஏதாவது நடந்தால் குழந்தைகள் உதவி எண் 1098க்கு அழையுங்கள். குழந்தையின் குறைபாட்டைப் பயன்படுத்திக்கொண்டு செய்யும் குற்றத்தைப் போக்சோ சட்டம் இன்னும் கடுமையாகவே பார்க்கிறது. ஊர்ப் பெரியவர்கள் பேசி முடிக்கும் விஷயம் இல்லை இது.

பத்தாம் வகுப்புத் தேர்வு எழுத முடியுமா?

லேசான குறைபாடுள்ளவர்கள் எழுதலாம். சொல்வதை எழுதுபவர், கூடுதல் நேரம், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. தேர்வுக்கு முன் அல்ல, பள்ளி ஆண்டின் தொடக்கத்திலேயே தலைமையாசிரியர் வழியாக விண்ணப்பியுங்கள். இன்னொரு வழி தேசிய திறந்தநிலைப் பள்ளி. பாடங்களைத் தேர்ந்தெடுத்து, ஒவ்வொன்றாக முடிக்கலாம்.

மிதமான, கடுமையான குறைபாடுள்ளவர்களைத் தேர்ச்சிச் சான்றிதழுக்காக வதைக்காதீர்கள். பதினான்கு பதினைந்து வயதிலிருந்து தொழிலைத் தொட வையுங்கள். நம் மாவட்டங்களில் அதற்குக் குறைவில்லை: பட்டுக்கூட்டைத் தரம் பிரிப்பது, மல்பெரி இலை போடுவது, புளி கொட்டை எடுப்பது, தக்காளியைக் காயும் பழமுமாகப் பெட்டியில் அடுக்குவது, நாற்றுப் பை நிரப்புவது, ஆடு மாடு பார்ப்பது. செய்த வேலைக்குக் கூலியை அவன் கையில் கொடுங்கள். சாப்பாடு போடுகிறோமே என்று கூலியை விழுங்கும் முதலாளியிடம் விடாதீர்கள். படித்து வந்தவர்களுக்கு அரசு வேலையில் அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம் உள்ளிட்ட வகைகளுக்கு ஒரு சதவீத ஒதுக்கீடும் இருக்கிறது.

கல்யாணம் செய்து வைத்தால் சரியாகிவிடுவான் என்கிறார்கள்.

முதல் பதிலில் சொன்னதுபோல் இது நோய் இல்லை, கல்யாணம் மருந்தும் இல்லை. மறைத்துச் செய்தால் இன்னொரு வீட்டுப் பெண்ணின் வாழ்வும் சேர்ந்து போகும். லேசான குறைபாடுள்ளவர், கல்யாணம் என்றால் என்ன என்று புரிந்து, அவராக விரும்பி, சம்பந்தி வீட்டாருக்கும் எல்லாம் தெரிந்திருந்தால் அது வேறு. வீட்டு வேலைக்கு ஆள் கிடைக்கும் என்பதற்காகச் செய்யாதீர்கள்.

எங்கள் காலத்துக்குப் பிறகு இவனை யார் பார்ப்பார்கள்?

எல்லாக் கேள்விகளும் கடைசியில் இங்கேதான் வந்து சேரும். கேட்டுவிட்டுப் பெரும்பாலும் பதிலுக்குக் காத்திருக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். செய்ய முடிந்தவை இருக்கின்றன.

பதினெட்டு வயதானதும் பெற்றோராகவே இருந்தாலும் சட்டப்படியான காப்பாளர் ஆகிவிடுவதில்லை. வங்கியிலும் பத்திர அலுவலகத்திலும் இது இடிக்கும். 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர் அளவிலான குழு ஒன்று இருக்கிறது. அங்கே விண்ணப்பித்துக் காப்பாளர் சான்று பெறலாம். பின்னாளில் அண்ணனையோ சித்தியையோ நியமிக்கவும் அங்கேதான் போக வேண்டும். அதே அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு கிடைக்கும். வீட்டில் எவராவது அரசு ஊழியராக இருந்தால், பிள்ளையின் பெயரைப் பணிப்பதிவேட்டில் ஏற்றிவிடுங்கள். குடும்ப ஓய்வூதியம் அவனுக்கு ஆயுள் வரை வரும். நிலம் இருந்தால் வாய்மொழியில் விடாமல் உயில் எழுதுங்கள்.

கூடப் பிறந்தவர்களிடம் "உனக்குத்தான் இவன் பொறுப்பு" என்று பத்து வயதில் சத்தியம் வாங்காதீர்கள். அவர்கள் நேசித்து வளரட்டும். நேரம் வரும்போது கேளுங்கள். இப்போதிருந்தே ஆண்டுக்குச் சில நாள் அத்தை வீட்டிலோ சித்தப்பா வீட்டிலோ உங்களை விட்டு அவன் தங்கிப் பழகட்டும். ஆடிப்பெருக்குக்கு ஒகேனக்கல் போனாலும், ஊர்த் திருவிழா என்றாலும் கூட்டிப் போங்கள். அரசு நகரப் பேருந்தில் அவனுக்கும் கூட வரும் ஒருவருக்கும் கட்டணம் இல்லை.

பிறகு ஒரு நோட்டு வாங்குங்கள். அவன் என்ன சாப்பிடுவான், எந்த மாத்திரை எப்போது, எதற்குப் பயப்படுவான், எந்தப் பாட்டுப் போட்டால் அமைதியாவான், எந்தச் சொல்லுக்கு அவன் மொழியில் என்ன பொருள், எதைத் தானே செய்வான், எதற்கு உதவி வேண்டும் என்று எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதித் தருகிறேன். ஆண்டுக்கு ஒரு முறை அவன் பிறந்தநாளன்று அதை எடுத்துத் திருத்துங்கள். மேலே சொன்ன அந்தப் பையனின் வீட்டு நோட்டில் "ஊட்ட வேண்டும்" என்று நான் எழுதியிருந்த வரியை அவன் தாய் அடித்துவிட்டு, பக்கத்தில் தன் கையால் "தானே சாப்பிடுவான், களி என்றால் இரண்டு உருண்டை" என்று எழுதியிருக்கிறார்.